சுயாதீனப் பாடகர்களுக்கும் நிருபர்களுக்கும் பிளொக்செயின்: கொழும்பில் எது உண்மையில் வேலை செய்யும்?

அலைவரிசை13:

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அறையை ஸ்டூடியோவாக்கி நாங்கள் நாலு பேர் பாட்டுச் செய்கிறோம். வரி ஒருவர், குரல் ஒருவர், பீட் என்னுடையது, மிக்ஸிங் செய்கிற தம்பி இப்போது டொரொண்டோவில். ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு 2021 பெப்ரவரியில் வந்தபோது இனி எங்கள் பாட்டுக்கும் காசு வரும் என்று நம்பினோம். வருகிறதுதான், ஆனால் மாதக்கணக்கில் பிந்தி, ஒரே ஆளின் கணக்குக்கு, அதுவும் வங்கிக் கட்டணம் போக மிஞ்சுவது. 12 மாதத்துக்குள் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு 2024இலிருந்து ஒரு சதமும் கிடையாது என்றும் ஆக்கிவிட்டார்கள். கிடைக்கிற கொஞ்சத்தை நாலாகப் பிரிக்கும்போதுதான் மனஸ்தாபம் தொடங்குகிறது. நீ எவ்வளவு எடுத்தாய், எனக்கு ஏன் இவ்வளவு என்று.

ஸ்மார்ட் கொன்ட்ராக்ட் என்றால் காசு வந்த உடனே தானாகப் பங்கு பிரியும் என்கிறார்கள். இசைக்கு மட்டுமில்லை, தனித்து எழுதுகிற நிருபர்களுக்கும் இதனால் பயன் உண்டு என்று படித்தேன். கிரிப்டோ கொயின் விற்க வருபவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம். கொழும்பில் வங்கிக் கணக்கு வைத்திருக்கிற ஒருவனுக்கு இதில் என்ன கையில் கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

நிரலன்06:

நல்ல கேள்வி. முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வருகிறவர்களுக்கும் உதவும்.

சீட்டுப் பிடிக்கிற அக்காவின் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அந்தக் கொப்பி அவரிடம் மட்டும் இருக்கும், அவர் எழுதியதுதான் கணக்கு. சீட்டில் இருக்கிற எல்லோர் கையிலும் அதே கொப்பி இருந்து, ஒருவர் ஒரு வரி எழுதினால் எல்லாக் கொப்பியிலும் அது ஏறி, பழைய வரியை யாரும் அழிக்க முடியாது என்றால் அதுதான் பிளொக்செயின். 2009இல் பிட்கொயின் என்கிற கிரிப்டோ நாணயம் அதைக் காசுக்குச் செய்தது. 2015இல் வந்த ஈத்தரியம், அந்தக் கொப்பிக்குள்ளேயே நிரல் எழுதலாம் என்று ஆக்கியது. "இந்த முகவரிக்கு வருவதில் 40 வீதம் பாடகருக்கு, 30 வீதம் இசையமைப்பாளருக்கு" என்று எழுதி வைத்தால் யாருடைய கையும் படாமல் அது நடக்கும். அந்த நிரல்தான் ஸ்மார்ட் கொன்ட்ராக்ட்.

இது கனவு இல்லை, செய்து பார்த்த விஷயம். இங்கிலாந்துப் பாடகி இமோஜன் ஹீப் 2015இலேயே ஒரு பாட்டை ஈத்தரியத்தில் வெளியிட்டார். வாங்குகிறவர் கட்டும் காசு அதில் வேலை செய்த எல்லோருக்கும் நேரே பிரிந்து போனது. தொழில்நுட்பம் சரியாக வேலை செய்தது, ஆனால் வாங்க ஆளில்லை, ஏனென்றால் ஒரு பாட்டு வாங்குவதற்கு ரசிகர் முதலில் வாலட் என்கிற கிரிப்டோக் கணக்குத் திறந்து, ஈத்தரியத்தின் நாணயமான ஈத்தர் வாங்க வேண்டும். அந்தத் தடை இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

மட்டக்குளி_ராப்:

அண்ணா, அப்போ என்எப்டி? 2021இல் ஆளாளுக்குக் கோடிக்கணக்கில் உழைத்தார்களே.

நிரலன்06:

உழைத்தார்கள் தம்பி, ஒரு சிலர். என்எப்டி என்றால் ஒரு பாட்டுக்கோ படத்துக்கோ பிளொக்செயினில் பதிந்த, வாங்கி விற்கக்கூடிய ஒரு சீட்டு. திரீலாவ் என்கிற அமெரிக்க டிஜே 2021இல் தன் அல்பத்தை என்எப்டியாக ஏலம் விட்டு 1 கோடி டொலருக்கு மேல் எடுத்தார். ஆனால் அவரிடம் ஏற்கெனவே பெரிய ரசிகர் கூட்டமும் கிரிப்டோ பணக்காரர்களின் பழக்கமும் இருந்தன.

இதில் ஒரு விஷயத்தை வடிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த நேரம் கலைஞர்களிடம் சொல்லப்பட்டது, உங்கள் என்எப்டி கைமாறும் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு ஒரு பங்கு என்றென்றைக்கும் வரும் என்று. முதல் விற்பனையின் பங்கு நிரலில் இருந்தது, சரி. மறுவிற்பனைப் பங்கு பெரும்பாலும் நிரலில் இருக்கவில்லை. விற்பனைத் தளங்கள் விரும்பிக் கொடுத்த சலுகை அது. போட்டி வந்ததும் ஓப்பன்சீ என்கிற பெரிய என்எப்டி விற்பனைத் தளம் 2023இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆகவே யாராவது பிளொக்செயினில் ரோயல்டி உறுதி என்று சொன்னால், அது கொன்ட்ராக்டில் எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஓடியஸ் என்று பிளொக்செயினில் ஓடுகிற ஸ்ட்ரீமிங் தளம் ஒன்றும் இருக்கிறது, 2019இல் வந்தது, பாட்டு ஏற்ற நல்ல இடம்தான். ஆனால் 2022 ஜூலையில் அதன் கொன்ட்ராக்டில் இருந்த ஓட்டையால் 1 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட டோக்கன்கள், அதாவது அந்தத் தளத்தின் சொந்த நாணயங்கள், களவு போயின. எழுதியபடியே நிரல் தானாக நடக்கும் என்பது, பிழையான நிரலுக்கும் பொருந்தும்.

கடைப்பக்கம்:

நான் பத்திரிகைப் பக்கத்திலிருந்து கதைக்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்து எழுதுபவள், எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லை.

எங்களுக்கும் காசு தேவைதான், ஆனால் பிளொக்செயின் எங்களுக்குக் காசு தரும் என்ற கதையை நம்பியவர்கள் ஏமாந்தார்கள். சிவில் என்ற அமெரிக்க முயற்சியை எடுங்கள். நிருபர்களே சொந்தமாக நடத்தும் செய்தித் தளங்கள், டோக்கன் வைத்திருப்பவர்கள் தரத்தைக் காப்பார்கள் என்று தொடங்கினார்கள். 2018இல் டோக்கன் விற்பனை குறைந்தபட்ச இலக்கான 80 இலட்சம் டொலரைக்கூட எட்டாமல் படுத்துவிட்டது, 2020இல் இழுத்து மூடினார்கள். நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள் என்பதுதான் கவலை. ஒரு வாசகர் செய்திக்கு ஆதரவு தர வருகிறார், அவரிடம் டோக்கன் என்றால் என்ன என்று பாடம் எடுத்தால் அவர் போய்விடுவார்.

எனக்கு இதில் ஆசை வேறொரு இடத்தில். நான் எழுதியது நான் எழுதியபடியே இருக்க வேண்டும். ஒரு தளத்துக்கு எழுதிய நீண்ட கட்டுரையில், ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு இரண்டு பந்திகள் காணாமல் போயின. திருத்தியதாக ஒரு குறிப்புக்கூட இல்லை. எழுதியது என் பெயரில் நிற்கிறது, ஆனால் அது நான் எழுதியது இல்லை. அப்புறம் அந்தத் தளமே நின்றுபோய்விட்டது. இப்போது தேடினால் ஒன்றும் இல்லை.

எங்கள் நாட்டில் இது சின்ன விஷயமா? 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். 2007இல் தமிழ்நெட் செய்தித் தளத்தை இங்கே முடக்கினார்கள். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களை நிறுத்தினார்கள். அழிக்க முடியாத ஒரு இடத்தில் எங்கள் எழுத்து இருப்பது எங்களுக்கு ஆடம்பரம் இல்லை.

ஹொங்கொங்கில் 2021 ஜூனில் அப்பிள் டெய்லி பத்திரிகை மூடப்பட்டபோது யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள் அதன் கட்டுரைகளை ஆர்வீவ் என்கிற பிளொக்செயினில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். 2018இல் பீக்கிங் பல்கலைக்கழக மாணவி ஒருவர் எழுதிய திறந்த மடலைச் சீனத் தளங்களில் அழிக்க அழிக்க, யாரோ அதை ஒரு ஈத்தரியப் பரிமாற்றத்துக்குள் எழுதி வைத்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

பழைய_மைக்:

பிள்ளை சொன்னது சரி, ஆனால் நூலகம் இணையத்தளத்தை மறக்கக் கூடாது. 2005இலிருந்து ஈழத்துப் புத்தகம், பத்திரிகை, சஞ்சிகை என்று ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். பிளொக்செயின் இல்லை, டோக்கன் இல்லை. தன்னார்வலர்களின் உழைப்பும் ஆதரவாளர்களின் நன்கொடையும்தான். காப்பாற்றுவது ஆட்கள், இயந்திரம் பிறகுதான்.

கடைப்பக்கம்:

முழுதாக ஒத்துக்கொள்கிறேன் ஐயா. நூலகம் மாதிரி ஒன்று இருப்பதால்தான் எனக்கு இந்த இரண்டாவது பூட்டும் வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆனால் எனக்குப் பெரிய பயம் ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. அழிக்க முடியாது என்பது எங்கள் தொழிலில் இரண்டு பக்கமும் வெட்டும். பத்திரிகையாளர் சிவராம் 2005இல் பம்பலப்பிட்டியில் வைத்துக் கடத்திக் கொல்லப்பட்டார். லசந்த விக்கிரமதுங்க 2009இல் வேலைக்குப் போகிற வழியில் கொல்லப்பட்டார். பிரகீத் எக்னெலிகொட 2010இல் காணாமல் போனார். இந்த ஊரில் ஒருவர் என்னிடம் தகவல் சொல்லிவிட்டு, அடுத்த கிழமை பயந்து என் பெயரை எடுத்துவிடு என்றால் நான் எடுத்தாக வேண்டும். கட்டுரையை முழுதாக ஒரு செயினில் ஏற்றியிருந்தால் எப்படி எடுப்பேன்? காசு அனுப்பியவர் பட்டியலும் அப்படித்தான். எந்த வாலட்டிலிருந்து எனக்கு எவ்வளவு வந்தது என்பதை உலகத்தில் யாரும் பார்க்கலாம். ஒரு தடவை அந்த வாலட் யாருடையது என்று தெரிந்தால் போதும், என்னை ஆதரிக்கிறவர்களின் வரலாறு முழுக்க வெளியே.

நிரலன்06:

அக்கா, நீங்கள் கேட்பதற்குக் கட்டுரையை ஏற்றத் தேவையே இல்லை. ஹாஷ் மட்டும் போதும். ஒரு கோப்பைக் கணக்குப் போட்டு 64 எழுத்து நீளத்தில் ஒரு அடையாளம் எடுக்கிறோம். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் முழுக்க மாறிவிடும். அடையாளத்திலிருந்து கோப்பைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த அடையாளத்தை மட்டும் பிட்கொயினில் பதிந்து வைத்தால், இந்தத் திகதியில் இந்தக் கோப்பு இதே வடிவில் இருந்தது என்று பிறகு யாருக்கும் நிரூபிக்கலாம். கோப்பு உங்களிடமே இருக்கும். காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

இதற்கு ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்று இலவசமான வழி 2016இலிருந்து இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்களின் ஹாஷ்களை மரம் மாதிரி ஒன்றோடொன்று சேர்த்து, உச்சியில் வருகிற ஒரே ஒரு ஹாஷைப் பிட்கொயினில் எழுதுகிறார்கள், அதனால்தான் எங்களிடம் காசு கேட்பதில்லை. வாலட் தேவையில்லை, கொயின் தேவையில்லை. கோப்பை இணையத்தளத்தில் போட்டால் ஹாஷ் உங்கள் கணினியிலேயே கணக்கிடப்படும், கோப்பு வெளியே போகாது. ஒரு சின்னச் சான்றுக் கோப்பு கிடைக்கும், அதை மூலத்தோடு சேர்த்து வையுங்கள். சில மணித்தியாலத்தில் பிட்கொயினில் உறுதியாகும்.

இரண்டு இடத்தில் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, வட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவுக்கு ஹாஷ் எடுப்பது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், அது வேறு கோப்பு, வேறு ஹாஷ். கமராவின் கார்ட்டில் இருக்கிற மூலத்துக்கே எடுக்க வேண்டும். பாட்டென்றால் எம்பி3க்கு இல்லை, வேவ் கோப்புக்கும் புரொஜெக்ட் கோப்புறையைச் சுருக்கிய ஸிப்புக்கும். மற்றது, ஒரு பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ மட்டும் ஹாஷ் ஆக்கி ஒரு செயினில் நேரே போடுவது. இலங்கையில் இருக்கிற எல்லாக் கைபேசி இலக்கத்தையும் ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து ஒப்பிட ஒரு சாதாரணக் கணினிக்கு அதிக நேரம் ஆகாது. ஆகவே சின்னத் தகவலைத் தனியே ஹாஷ் செய்யவே கூடாது.

கறுவாத்தோட்டம்:

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். எனக்கே நான் ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்தால் அதிலும் திகதி இருக்கிறதே. எதற்கு பிட்கொயின்?

நிரலன்06:

பெரும்பாலான சில்லறைச் சண்டைக்கு மின்னஞ்சல் போதும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திகதிக்குச் சாட்சி ஒரு கொம்பனி. உங்கள் கணக்கை அந்தக் கொம்பனி மூடிவிட்டால் சாட்சியும் போய்விடும். முகநூல் கணக்கு திடீரென்று பறிபோய்ப் பல வருடப் படங்களை இழந்த நிருபர்கள் இங்கேயே இருப்பார்கள். எதிரில் இருப்பவர் எங்களைவிடப் பலம் கூடியவர் என்றால், யாருடைய தயவிலும் இல்லாத சாட்சி வேண்டும்.

சட்டப்புள்ளி:

சட்டம் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பதிப்புரிமை: 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பாட்டோ கட்டுரையோ ஆக்கிய உடனே உரிமை உங்களுடையது. எங்கும் பதியத் தேவையில்லை. ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 70 வருடமும். ஆகவே பிளொக்செயினில் பதிந்தால்தான் உரிமை என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஹாஷ் உங்களுக்கு உரிமை தருவதில்லை, ஆதாரத்துக்கு உதவுகிறது. அதுவும் அந்தக் கோப்பு அன்றைக்கு இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். அதை ஆக்கியவர் நீங்கள் என்று சொல்லாது. களவெடுத்தவனும் ஹாஷ் எடுக்கலாம். அதனால்தான் முதல் டெமோ, இடையில் மாற்றியவை, கடைசி மிக்ஸ் எல்லாவற்றுக்கும் வரிசையாகத் திகதி இருந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும். 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்னணுப் பதிவுகளை ஏற்கிறது, ஆனால் நீதிமன்றத்தில் அதை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

காசு: இங்கேதான் கவனம். மத்திய வங்கி 2018இலிருந்து திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. கிரிப்டோ இங்கே சட்டபூர்வ நாணயம் இல்லை. உங்கள் கடன் அட்டை, டெபிட் அட்டையால் கிரிப்டோ வாங்குவதை 2021இல் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் தடுத்தார்கள். ஆகவே உள்ளூர் ரசிகர் தன் அட்டையால் ஈத்தர் வாங்கி உங்கள் பாட்டை வாங்குவது என்ற பாதை தொடக்கத்திலேயே அடைபட்டிருக்கிறது.

அலைவரிசை13:

வெளிநாட்டு ரசிகர்? எங்களைக் கேட்கிறவர்களில் பாதிக்கு மேல் கனடா, லண்டன், பாரிஸ். பேபாலில் இங்கிருந்து காசு அனுப்பலாம், இங்கே பெற முடியாது என்பது பல வருடத் தலையிடி. டொலருக்குச் சமமான ஸ்டேபிள்கொயினாக அனுப்பினால் சில நிமிடத்தில் வந்துவிடும் என்கிறார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை நேரில் பார்த்த எங்களுக்கு, டொலரில் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

சட்டப்புள்ளி:

அனுப்புவது நிமிடக்கணக்கு, உண்மை. கஷ்டம் அது ரூபாயாக மாறுகிற இடத்தில். முகம் தெரியாத ஒருவருக்குக் கொயினைக் கொடுத்து, அவர் உங்கள் கணக்கில் ரூபாய் போடுவார். அந்த ரூபாய் எங்கேயாவது மோசடியில் வந்தது என்றால் விசாரணை உங்கள் கணக்குக்குத்தான் வரும். எனக்குத் தெரிந்த ஒரு வடிவமைப்பாளரின் கணக்கை முடக்கிவிட்டார்கள், சம்பளக் காசும் அதற்குள் மாட்டிக்கொண்டது. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆகவே இந்தப் பாதையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மட்டக்குளி_ராப்:

எனக்கு ஒரு ஆள் மெசேஜ் போட்டார், உன் பெயரில் டோக்கன் தொடங்கலாம், ரசிகர்கள் பங்கு வாங்குவார்கள், முதலில் 50,000 ரூபாய் கட்டு, இன்னும் மூன்று பேரைச் சேர்த்தால் உன் காசு திரும்பிவிடும் என்று.

சட்டப்புள்ளி:

தம்பி, அது பிரமிட். வங்கிச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டது. நீங்கள் சேர்க்கிற மூன்று பேருக்கும் நீங்களே குற்றவாளி ஆவீர்கள். உடனே அந்த எண்ணைத் தடுத்துவிடுங்கள்.

கடைப்பக்கம்:

தம்பி, அந்த மெசேஜை அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். இப்படிப் பெடியங்களைக் குறிவைப்பது பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், விருப்பமென்றால் தனிமடலில் பேசுவோம். உங்கள் பெயர் வராது.

பழைய_மைக்:

நான் பல வருடம் ஒலிப்பதிவு செய்தவன், ஆகவே ஒன்று சொல்கிறேன், பிள்ளைகள் கேளுங்கள். இசையில் காசு தொலைவது செயின் இல்லாததால் இல்லை. யார் என்ன செய்தார் என்று எழுதி வைக்காததால். கசெட் காலத்தில் அட்டையில் பாடகர் படம் பெரிதாக இருக்கும், எழுதியவர் பெயர் இருக்காது. வானொலியில் ஒலித்த எங்கள் மெல்லிசைப் பாடல்கள் எத்தனையோ இன்றைக்கு யூடியூபில் கிடக்கின்றன, கீழே யாருடைய பாடல் என்று ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வயலின் வாசித்தவரின் பேரப்பிள்ளைக்குக்கூடத் தாத்தா வாசித்தது என்று தெரியாது. எனக்கு அது இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது.

ஆகவே முதலில் ஒரு தாள். பாட்டின் பெயர், வரி யார், மெட்டு யார், பீட் யார், குரல் யார், மிக்ஸ் யார், ஒவ்வொருவருக்கும் எத்தனை வீதம், நாலு கையெழுத்து, திகதி. ஒலிப்பதிவு முடிந்த அன்றைக்கே, தேத்தண்ணி குடித்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கும்போதே. காசு வந்த பிறகு யாரும் சமமாகக் கையெழுத்து வைக்க மாட்டார்கள். பாட்டை ஸ்பொட்டிஃபை போன்ற இடங்களுக்கு அனுப்புகிற விநியோகத் தளம் தருகிற ஐஎஸ்ஆர்சி இலக்கத்தையும் அந்தத் தாளில் எழுதுங்கள், உலகம் முழுக்க அந்த ஒலிப்பதிவை அடையாளம் காண்பது அந்த இலக்கத்தால்தான். அந்தத் தாளில் 40 என்று பிழையாக எழுதினால் பிளொக்செயின் 40 என்றுதான் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அலைவரிசை13:

ஐயா, இதைத்தான் நாங்கள் செய்யவே இல்லை. இன்றிரவே மூன்று பேருக்கும் அனுப்புகிறேன்.

நிரலன் அண்ணா, அந்தத் தாளை ஸ்கேன் செய்து பாட்டோடு சேர்த்து ஹாஷ் எடுத்தால்?

நிரலன்06:

அதுதான் என் கருத்தும். வேவ் கோப்பு, வரிகள், கையெழுத்துத் தாள், மூன்றையும் ஒரே ஸிப்பில் போட்டு, ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸில் ஒரு முத்திரை. நாலு பேரும் ஸிப்பையும் சான்றுக் கோப்பையும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். பிறகு யாராவது வீதத்தை மாற்றி எழுதினால் ஹாஷ் பொருந்தாது, பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தானாகப் பங்கு பிரிப்பதை இப்போதைக்கு விநியோகத் தளத்திலேயே செய்யுங்கள், பல தளங்களில் அந்த வசதி இருக்கிறது. செயினில் செய்ய முன்பு கட்டணமே பெரிய தடை. 2021இல் 10 டொலரைப் பிரிக்க அதைவிடக் கூடவே கட்டணம் போகும். 2024 மார்ச்சில் ஈத்தரியத்தில் செய்த மாற்றத்துக்குப் பிறகு அதன் மேலே ஓடுகிற வலையமைப்புகளில் அது சதக்கணக்குக்கு இறங்கிவிட்டது. ஆனால் சட்டப்புள்ளி சொன்ன ரூபாய்ப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. டொரொண்டோவில் இருக்கிற தம்பிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அவருக்கு வேண்டுமென்றால் அங்கே சட்டப்படி முயன்று பார்க்கலாம். இங்கே இருப்பவர்கள் பொறுங்கள். சட்டம் தெளிவாகும் வரைக்கும் கொயினைத் தொடாமல் செயினைப் பயன்படுத்தலாம் என்பதே நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

கடைப்பக்கம்:

எனக்கும் தெளிவாகிவிட்டது. கட்டுரையின் நான் அனுப்பிய வடிவத்துக்கு ஹாஷ், வெளிவந்த பக்கத்தின் பிரதிக்கு ஹாஷ், படங்களின் மூலத்துக்கு ஹாஷ். தகவல் தந்தவர் பெயருள்ள குறிப்பேடு எதற்கும் இல்லை, அது காகிதத்திலேயே இருக்கட்டும். கமராவிலிருந்தே படத்தின் பூர்வீகத்தை ஒட்டி அனுப்புகிற சி2பிஏ என்கிற முறையை அடோபி, பிபிசி, மைக்ரோசொஃப்ட் எல்லாம் சேர்ந்து 2021இல் தொடங்கினார்கள், அதையும் பார்த்தேன். நல்லதுதான். ஆனால் எடுத்த இடம் படத்தோடு சேர்ந்து போய்விட்டால் நான் யார் வீட்டு முற்றத்தில் நின்றேன் என்று தெரிந்துவிடும், ஆகவே அதை அணைத்துவிட்டே பயன்படுத்துவேன்.

வெள்ளவத்தையில் இருக்கிற இளம் நிருபர்கள் சிலருக்கு இதைச் செய்து காட்ட வேண்டும். நிரலன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? மடிக்கணினியும் அவரவர் கமராக் கார்டும் கொண்டுவரச் சொல்கிறேன்.

நிரலன்06:

வருகிறேன் அக்கா. இணையம் இருந்தால் போதும். பாட்டுப் பெடியங்களும் வரட்டும், வேலை ஒன்றுதான்.

மட்டக்குளி_ராப்:

நானும் வருகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். என் பாட்டு இன்னும் முடியவில்லை, ஹூக்கும் பீட்டும்தான் இருக்கிறது, குரல் போட ஒரு அக்காவுக்கு அனுப்பப் போகிறேன். போன தடவை இப்படி அனுப்பிய பீட் வேறொருவர் பாட்டில் வந்துவிட்டது, என்னால் ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை. முடியாத பாட்டுக்கும் முத்திரை குத்தலாமா?

நிரலன்06:

முடியாததற்குத்தான் முதலில் குத்த வேண்டும். இப்போதே ஸிப் ஆக்கி முத்திரை எடுத்துவிட்டு அப்புறம் அந்த அக்காவுக்கு அனுப்புங்கள். குரல் வந்ததும் இன்னொன்று, மிக்ஸ் முடிந்ததும் இன்னொன்று. கோப்பின் பெயரை மாற்றினால் பரவாயில்லை, உள்ளே ஒன்றையும் தொட்டுவிடாதீர்கள்.